கோழி மேய்க்கும் கணக்கு: கவர்மென்ட் வேலையா, கம்பெனி வேலையா?

"கோழி மேய்த்தாலும் கும்பினியில் மேய்க்கணும்" என்று எங்கள் ஆயா அடிக்கடி சொல்லும். இப்போது கும்பினியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'கவர்மென்ட்' என்று போட்டுச் சொல்கிறார்கள். ஆனால் கும்பினி என்றால் கிழக்கிந்தியக் கம்பெனி. 1858-ல் ஆட்சி இங்கிலாந்து ராணியின் கைக்குப் போகும்வரை, எங்கள் பக்கத்து செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் உட்கார்ந்து சம்பளம் போட்டது பங்குதாரர்கள் பணத்தில் நடந்த ஒரு வியாபாரக் கம்பெனி. ஆக, பழமொழி முதலில் புகழ்ந்தது தனியார் வேலையைத்தான்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி இதை என் அக்கா மகனிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "மாமா, திங்கட்கிழமைக்குள்ள மேனேஜருக்குப் பதில் சொல்லணும். நீ கோழி, கும்பினின்னு பேசிக்கினு இருக்கே" என்றான்.

அவனுக்கு 26 வயது, பி.காம். படித்தவன், வீடு தண்டையார்பேட்டை. மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் டாக்குமென்டேஷன் பார்க்கிறான். பிடித்தம் போகுமுன் மாதம் 20,500 ரூபாய். காலை எட்டரைக்குப் போனால் மாலை ஐந்தரைக்கு வெளியே வந்துவிடலாம். 2025 ஜூலையில் மாநில அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுதினான், கிடைக்கவில்லை. இப்போது அவன் முன்னால் மூன்று வழி. யார்டிலேயே ஷிப்ட் இன்சார்ஜ் ஆவது, சம்பளம் 28,000. வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் உட்கார்ந்து அடுத்த குரூப் 4-க்குப் படிப்பது. இது அக்காவின் ஆசை. மூன்றாவது, தெருவில் ஒருவர் சொல்லும் அவுட்சோர்ஸிங் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வேலை. ஒரு அரசு ஆபீஸில், மாதம் 15,000. "உள்ள பூந்துட்டா போதும், அப்புறம் பர்மனென்ட் பண்ணிடுவாங்க" என்கிறாராம்.

நான் 2007-ல் லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு சிறிய கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸில் 4,500 ரூபாய்க்குச் சேர்ந்தவன். அதற்கப்புறம் நான்கு கம்பெனி மாறியாயிற்று. அரசு வேலையில் ஒரு நாளும் இருந்ததில்லை. அதனால் இதைத் தனியார்க்காரன் கண்ணோடு போட்ட கணக்காகவே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கண்ணில் கொஞ்சம் பொறாமை உண்டு என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டீக்கடையில் பேசுவது

எங்கள் யார்டு வாசல் டீக்கடையில் அரசு ஊழியர்களைத் திட்டாமல் ஒரு டீ காலியாகாது. பதினொரு மணிக்கு வருவான், ஒரு மணிக்குச் சாப்பிடப் போவான், மூன்று மணிக்கு 'நாளைக்கு வாங்க' என்பான், முதல் தேதி சம்பளம் மட்டும் டாண் என்று வந்துவிடும். எனக்கும் அந்தப் பாட்டில் பங்கு உண்டு. அப்பா இறந்தபிறகு வாரிசு சான்றிதழுக்காக ஒரு அலுவலகத்துக்கு நான்கு தடவை நடந்தேன். முதல் தடவை, சீட்காரர் லீவு. இரண்டாம் தடவை, சர்வர் வேலை செய்யவில்லை. மூன்றாம் தடவை, முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய ஒரு காகிதத்தைக் கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்கு அரை நாள் லீவு போயிற்று. நான்காம் தடவை கையில் சான்றிதழோடு வெளியே வந்தபோது, இத்தனைக்கும் ஒருவர்கூட என்னிடம் மரியாதைக் குறைவாகப் பேசவில்லையே என்று தோன்றியது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. என் அரை நாள் யாருக்கும் பொருட்டாகவே இல்லை.

இதே டீக்கடைக்காரர்கள் வீட்டுக்குப் போனால் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடும்போது என்ன கேட்கிறார்கள்? எங்கள் அப்பா காலத்தில் துறைமுகம், ரயில்வே தொழிற்சாலை வேலையை வைத்து 'ஹார்பர் மாப்பிள்ளை', 'லோகோ மாப்பிள்ளை', 'ஐ.சி.எஃப். மாப்பிள்ளை' என்று கேட்டார்கள். இப்போது 'கவர்மென்டா?' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். காலையில் சோம்பேறி என்று திட்டு வாங்கியவன் சாயங்காலம் மருமகனாக வேண்டியிருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த டீக்கடையில் நிற்கிற முப்பது வயதுக்காரர்களில் குரூப் 4 எழுதாதவனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நானும் எழுதியவன். சீச்சீ இந்தப் பழம் புளிக்கும் என்ற கதைதான் பாதி.

மீதிப் பாதியில் நியாயம் இருக்கிறது, அதை ஒதுக்க முடியாது. எங்கள் வேலையில் இறக்குமதிச் சரக்குக்காகச் சுங்கத்துக்குக் கொடுக்கும் ஒரு பில் ஆஃப் என்ட்ரியில் எண் தப்பானால் கன்டெய்னர் நிற்கும், ஒரு நாளைக்கு இவ்வளவு என்று டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், ஏறும், பார்ட்டி போன் போட்டுக் கிழிப்பான். தப்புக்கு உடனே விலை தெரியும். கவுன்டருக்கு அந்தப் பக்கம் அந்த மீட்டர் ஓடுவதில்லை.

ஆனால் எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் ஒரு விஷயம் புரிந்தது. அக்கா வீட்டு மாடியில் குடியிருக்கும் அண்ணன் ஒரு அரசு அலுவலகத்தில் உதவியாளர். என் நான்கு தடவைக் கதையை அவரிடம் கொட்டியபோது அவர், "நீ பார்த்த ஆளு எத்தனை சீட் பார்க்கிறாரு, கேட்டியா?" என்றார். அவர் மட்டுமே மூன்று சீட் பார்க்கிறாராம். ஒன்று அவருடையது, மற்ற இரண்டும் ஆள் போடாமல் காலியாகக் கிடந்து கூடுதல் பொறுப்பாக வந்தவை. போதாததற்கு எலக்‌ஷன் டியூட்டி, வெள்ள நேரத்து முகாம் டியூட்டி, ஆடிட் வந்தால் பழைய கோப்புகளைத் தோண்டி எடுப்பது. சோம்பேறிகள் இல்லவே இல்லை என்று அவரும் சொல்லவில்லை. "எங்க செக்‌ஷன்ல அஞ்சு பேர் வேலையை ரெண்டு பேர் செய்றோம். அந்த ரெண்டு பேர்தான் உங்க கண்ணுல படுறது, ஏன்னா மத்தவன் சீட்டுலயே இருக்க மாட்டான்" என்றார்.

'முடியாது' என்று சொல்லும் விலை

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். பொது விடுமுறை விட்டிருந்தார்கள். தனியார் நிறுவனங்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்ல வேண்டும் என்று அரசு கேட்டுக்கொண்டிருந்தது. எங்கள் குரூப்பில் காலை ஏழு மணிக்கு ஒரு மெசேஜ்: 'வரக்கூடியவர்கள் வரவும்.' வரக்கூடியவர்கள் என்றால் என்ன அர்த்தம் என்று தனியாரில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். தொடை அளவுத் தண்ணீரில் நடந்து போனேன். அங்கே போய்ச் செய்வதற்கு ஒன்றும் இல்லை, கரண்டும் இல்லை. ஆனால் யார் வந்தார், யார் வரவில்லை என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

அரசு வேலை என்றதும் எல்லோரும் சம்பளம், பென்ஷன் என்று ஆரம்பிக்கிறார்கள். என்னைக் கேட்டால் முதல் வித்தியாசம் அந்த நோட்டுதான். நான் அன்று வராமல் இருந்திருந்தால் யாரும் மெமோ கொடுத்திருக்க மாட்டார்கள். அடுத்த அப்ரைசலில் ஒரு சதவீதம் குறைந்திருக்கும். காரணம் கேட்டால் 'பிசினஸ் டல்' என்பார்கள்.

அந்தப் பக்கம் நிலைமை வேறு. தமிழ்நாடு அரசு ஊழியர் ஒருவரைத் தண்டிக்க வேண்டுமானால் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதி இருக்கிறது. சிறிய தண்டனைக்கு 17(ஏ), பெரியதற்கு 17(பி). அவர்கள் பேச்சில் 'செவன்டீன் பி' என்று வரும்போதே ஒரு நடுக்கம் தெரியும். குற்றச்சாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், அவர் விளக்கத்தை வாங்க வேண்டும், பெரிய குற்றமானால் விசாரணை நடத்த வேண்டும், அதன் பிறகு மேல்முறையீடும் உண்டு. அரசியல் சட்டத்தின் 311-ஆம் பிரிவு, விசாரிக்காமல் டிஸ்மிஸ் செய்யக்கூடாது என்கிறது, விதிவிலக்குகள் சிலவே.

என்னை நான்கு தடவை நடக்க வைத்தவரை அசைக்க முடியாததற்கும் இதே விதிதான் காரணம். மாடி அண்ணன் ஒரு தடவை, மேலதிகாரி சொன்ன தப்பான ஒரு காகிதத்தில் நோட் போட மாட்டேன் என்று நின்றாராம். ஆறு மாதத்தில் வேறு ஊருக்கு மாற்றினார்கள். ஆனால் வேலை போகவில்லை, சம்பளம் குறையவில்லை. நான் அப்படி நின்றிருந்தால் அன்று சாயங்காலமே ஹெச்.ஆர். கூப்பிட்டு லேப்டாப்பை வாங்கி வைத்திருப்பார். சோம்பேறியைக் காப்பாற்றும் குடையும் நேர்மையானவனைக் காப்பாற்றும் குடையும் ஒன்றேதான். நாங்கள் டீக்கடையில் திட்டுவது அந்தக் குடையைத்தான், ராத்திரி ஏங்குவதும் அதற்குத்தான்.

குடையில் ஓட்டையே இல்லை என்றும் நினைத்துவிட வேண்டாம். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஏறக்குறைய 1,70,000 அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் அன்றைய அரசு ஒரேயடியாக நீக்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பெரும்பாலானவர்கள் திரும்பச் சேர்க்கப்பட்டார்கள். ஆனால் வேலைநிறுத்தம் அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமை இல்லை என்று அதே வழக்கில் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதில் வடசென்னைக்கு ஒரு பழைய ஞாபகமும் உண்டு. ஒரு காலத்தில் இங்கே பர்மனென்ட் என்றால் அரசு, தனியார் என்ற பேதம் பெரிதாக இல்லை. 1918 ஏப்ரலில் மெட்ராஸ் லேபர் யூனியன் பிறந்தது பெரம்பூர் பின்னி ஆலையின் தொழிலாளர்களை வைத்துத்தான். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்கிறார்கள். எண்ணூர், திருவொற்றியூர் பக்கத்துப் பெரிய தொழிற்சாலைகளில் பர்மனென்ட் ஆனவருக்கு கேன்டீன் சாப்பாடு, போனஸ், சங்கம், மாப்பிள்ளை மரியாதை எல்லாம் இருந்தது. பின்னி ஆலை 1996-ல் மூடியது. மற்ற இடங்களில் பழைய ஆட்கள் ரிடையர் ஆக ஆக அந்த இடங்களுக்கு கான்ட்ராக்ட் ஆட்களும் ட்ரெய்னிகளும் வந்தார்கள். இன்றைய பையன்கள் 'கவர்மென்ட்' என்று சொல்லும்போது கேட்பது அந்தப் பழைய 'பர்மனென்ட்' என்ற சொல்லைத்தான். அது இப்போது பெரும்பாலும் அரசிடம் மட்டுமே மிச்சம் இருக்கிறது. அங்கேயும் கரைந்துகொண்டு வருகிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

28,000 என்பது எவ்வளவு?

சரி, பையன் விஷயம். ஷிப்ட் இன்சார்ஜ் வேலை பன்னிரண்டு மணி நேரம், வாரத்துக்கு வாரம் பகலும் இரவும் மாறும். இன்சார்ஜ் என்ற பெயர் வந்துவிட்டால் ஓ.டி. கிடையாது. நான் ஒரு பழைய டெலிவரி ஆர்டரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். இப்போது 26 நாள், ஒன்பது மணி நேரம், 20,500. மணிக்கு 87 ரூபாய் 60 காசு. அங்கே 26 நாள், பன்னிரண்டு மணி நேரம், 28,000. மணிக்கு 89 ரூபாய் 74 காசு. பெயருக்குப் பின்னால் 'இன்சார்ஜ்' சேர்வதற்கு மணிக்கு இரண்டு ரூபாய்தான் ஏற்றம். அவன் முகம் போன போக்கைப் பார்த்து அக்கா என்னை முறைத்தது.

இன்னொன்றும் இருந்தது. தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.-க்குச் சம்பள உச்சவரம்பு மாதம் 21,000 ரூபாய். அக்காவுக்கு சுகர். மகனுடைய கார்டில்தான் மாத்திரை வாங்குகிறது. பெரிய டெஸ்ட் என்றால் அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி. சம்பளம் 28,000 ஆனால் நடப்பு ஆறு மாதக் கணக்கு முடிந்து, இன்னும் சில மாதத்தில் அந்தக் கார்டு நின்றுபோகும். அம்மாவுக்கு வெளியே காப்பீடு எடுக்க வேண்டும், ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம் இருக்கும். ஏழாயிரத்துச் சொச்சம் ஏற்றத்தில் இதைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

இப்போது அந்தப் பக்கம். குரூப் 4-ல் இளநிலை உதவியாளருக்கு ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 19,500. 2025 ஜூலை கணக்குக்கு அகவிலைப்படி 58 சதவீதம், அது 11,310. இரண்டும் சேர்ந்து 30,810. இதற்கு மேல் வீட்டு வாடகைப்படி. பிடித்தம் என்று பார்த்தால், 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு வந்த பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்ததில் 10 சதவீதம்; 3,081 ரூபாய். 2025 வரையிலான விதிப்படி அரசும் அதே அளவு போட வேண்டியிருந்தது. பழைய பென்ஷன் வேண்டும் என்று 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ நடத்திய வேலைநிறுத்தம் பலருக்கு ஞாபகம் இருக்கும். பென்ஷன் என்ற ஒரே வார்த்தைக்காக அரசு வேலைக்கு ஆசைப்படுகிறவர்கள், எந்த ஆண்டு சேர்ந்தவருக்கு எந்தத் திட்டம் என்று பார்த்துவிட்டு ஆசைப்படுவது நல்லது.

நம் பக்கத்துப் பென்ஷனைப் பார்த்தால் அழுகைதான். பி.எஃப்.பில் கம்பெனி போடும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் பென்ஷன் கணக்குக்குப் போகும். உச்சவரம்பு 15,000 என்பதால் அது மாதம் 1,250 ரூபாய். முப்பது வருடம் விடாமல் கட்டியவருக்குக்கூட 58 வயதில் மாதம் 7,000 ரூபாயைச் சுற்றித்தான் வரும். நடுவில் கம்பெனி மாறும்போதெல்லாம் பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழித்த என்னைப் போன்றவனுக்கு அதுவும் இல்லை.

அப்படியானால் அரசு வேலையே ஜெயித்ததா? ஆரம்பத்தில் ஆம், போகப் போகச் சொல்ல முடியாது. நான் 4,500-ல் ஆரம்பித்தவன், இன்று 52,000 வாங்குகிறேன். எங்கள் தொழிலில் இது பெரிய சம்பளம் இல்லை. என்னோடு லிங்கிச் செட்டித் தெருவில் சேர்ந்த ஒருவன் சுங்கத்துறை நடத்தும் தேர்வை எழுதி, சரக்கு கிளியரிங் வேலைக்கான ஜி கார்டு வாங்கி, பிறகு மேல் தேர்வும் பாஸ் செய்து, இன்று சொந்தமாக கிளியரிங் ஆபீஸ் வைத்திருக்கிறான். இன்னொருவன் கோவிட் சமயத்தில் வேலை போய், இப்போது ஆட்டோ ஓட்டுகிறான். இரண்டு பேரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். தனியாரில் சராசரி என்று ஒன்றைச் சொல்லி யாருக்கும் ஆலோசனை கொடுக்க முடியாது. அரசில் பத்து வருடம் கழித்து எங்கே இருப்பாய் என்று கிட்டத்தட்ட இன்றே எழுதிவிடலாம். அது சிலருக்கு நிம்மதி, சிலருக்கு மூச்சுமுட்டல்.

கோவிட் என்றதும் இதுவும் ஞாபகம் வருகிறது. அப்போது மாநில அரசு ஊழியர்களுக்கு அகவிலைப்படி உயர்வை நிறுத்திவைத்தார்கள், ஈட்டிய விடுப்பை ஒப்படைத்துப் பணம் வாங்கும் சரண்டரையும் நிறுத்தினார்கள். மாடி அண்ணன் புலம்பினார். எங்களில் பாதிப் பேருக்குப் பாதிச் சம்பளம், மீதிப் பேருக்குச் சம்பளமே இல்லை. அந்தப் புலம்பலை நாங்கள் ரசிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

கேட்டவன் அக்கா மகன். அக்கா மகள் கேட்டிருந்தால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். மாநில அரசில் மகப்பேறு விடுப்பு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம். தனியாருக்குச் சட்டப்படி 26 வாரம், அதுவும் ஏட்டில். அரசு நியமனத்தில் பெண்களுக்கு 30 சதவீத இட ஒதுக்கீடும் இருக்கிறது. படி என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருப்பேன்.

வேலையை விட்டுவிட்டுப் படிப்பது

அக்காவின் வழிக்கு வருவோம். 2024-ல் குரூப் 4-க்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. ஜூன் 9-ஆம் தேதி எழுதியவர்கள் 15 லட்சத்துக்கு மேல். பிறகு இடங்களைக் கூட்டினார்கள். கூட்டியபின்பும் 150 பேருக்கு மேல் போட்டியிட்டு ஒருவருக்குக் கிடைக்கும் கணக்குதான். பத்தாம் வகுப்புத் தகுதிக்கு நடக்கும் தேர்வில் இன்ஜினீயர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். 200 கேள்வி, அதில் 100 தமிழ், 75 பொது அறிவு, 25 கணக்கு. தமிழில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள்.

தோற்றுவிடுவானோ என்பது என் பயம் இல்லை. காத்திருப்புதான் பயம். 2022 ஜூலை 24-ல் நடந்த தேர்வுக்கு 2023 மார்ச்சில்தான் முடிவு வந்தது. எட்டு மாதம். அதற்கப்புறம் சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு. வேலையை விட்டவன் இத்தனை மாதமும் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். 'ரிசல்ட் வரட்டும்' என்று ஒரு வருடம், 'அடுத்த நோட்டிஃபிகேஷன்' என்று இன்னொரு வருடம். முப்பது வயதில் பயோடேட்டாவில் நான்கு வருடம் வெள்ளையாக இருந்தால் எங்கள் ஆட்கள் எப்படிக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானே இன்டர்வியூ எடுக்கிறேன். "இத்தனை நாள் என்ன பண்ணே?" என்று கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு வெட்கப்பட்டும் இருக்கிறேன்.

கிடைத்தால் சென்னையிலேயே என்பதும் நிச்சயம் இல்லை. கலந்தாய்வில் ரேங்க் படி துறையும் மாவட்டமும் தேர்ந்தெடுக்க வேண்டும். தண்டையார்பேட்டைப் பையன் திருவண்ணாமலையில் அறை எடுத்துத் தங்கி, பவானிசாகருக்குப் போய் அடிப்படைப் பயிற்சி முடித்து, துறைத் தேர்வுகளும் எழுதித்தான் மேலே ஏற முடியும். 'சீட்டில் உட்கார்ந்தால் போதும்' என்று டீக்கடையில் சொல்வது இதைப் பார்க்காமல் சொல்வது.

படிக்க வேண்டும் என்றால் வடசென்னையில் இடம் இல்லாமல் இல்லை. பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரியில் அரசே நடத்தும் போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் இருக்கிறது. கொளத்தூர் பக்கம் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகத்தில் உட்கார்ந்து படிக்கலாம். கோச்சிங் சென்டருக்கு ஐம்பதாயிரம் கட்டினால்தான் வேலை என்பதில்லை.

'ஆளைப் பார்க்கலாம், இரண்டு லட்சம் கொடுத்தால் முடித்துவிடலாம்' என்று யாராவது சொன்னால் அந்தத் தெருப்பக்கமே போகாதே என்றும் அவனிடம் சொன்னேன். 2019 குரூப் 4-ல் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் அழியும் மையால் நடந்த மோசடிக்கு 99 பேருக்கு வாழ்நாள் தடை விழுந்தது.

நடுவில் ஒரு பொறி

மூன்றாவது வழிக்கு நான் அதிக நேரம் செலவழிக்கவில்லை. அரசு ஆபீஸில் உட்காரும் கான்ட்ராக்ட் ஆள் அரசு ஊழியர் இல்லை. சம்பளம் போடுவது ஏஜென்சி. அரசின் குடை அவனுக்குக் கிடையாது. பர்மனென்ட் பண்ணிவிடுவார்கள் என்ற நம்பிக்கைக்கு 2006-லேயே உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது: முறையான தேர்வு வழியாக வராத தற்காலிக ஊழியர், பல வருடம் வேலை செய்தார் என்பதற்காக மட்டும் நிரந்தரமாக்கு என்று உரிமையாகக் கேட்க முடியாது. அரிதாக நடந்திருக்கிறது, உண்மை. அரிதாக நடப்பதை நம்பி 20,500-ஐ விட்டு 15,000-க்குப் போக முடியுமா?

இதற்கு வடசென்னைக்காரனுக்குத் தீர்ப்பெல்லாம் படித்துக் காட்ட வேண்டியதில்லை. 2025 ஆகஸ்ட்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவு வேலையைத் தனியாரிடம் கொடுப்பதை எதிர்த்துத் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். பல வருடம் மாநகராட்சிக்காகக் குப்பை அள்ளியவர்கள், பெரும்பாலும் பெண்கள். 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. அந்தக் கூட்டத்தில் எங்கள் தெருக்காரர்களும் இருந்தார்கள். அவர்களைக் கேட்டால் கவர்மென்ட் வேலைக்கும் கவர்மென்ட்டுக்காகச் செய்யும் வேலைக்கும் உள்ள தூரத்தைச் சொல்வார்கள்.

தனியாரில் இருப்பதில் உள்ள கஷ்டம் எல்லாம் இந்த மூன்றாவது வழியில் உண்டு. தனியாரில் உள்ள ஒரே லாபமான 'வேறு கம்பெனிக்குத் தாவுவது' இதில் இல்லை. அங்கே கற்றுக்கொள்ளும் டேட்டா என்ட்ரிக்கு வெளியே விலை இல்லை. டாக்குமென்டேஷன் தெரிந்தவனுக்கு மணலியிலிருந்து மாதவரம் வரை நாலு யார்டு கதவு திறக்கும்.

அவனுக்கு நான் சொன்னது

இன்சார்ஜ் வேலையை வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் இருப்பவன் எந்தத் தேர்வுக்கும் படிக்க முடியாது. மணிக்கு இரண்டு ரூபாய்க்காக அந்தக் கதவை மூட வேண்டாம். ஆனால் வேலையை விடவும் வேண்டாம். ஜெனரல் ஷிப்டிலேயே இருந்து குரூப் 4-ஐயும் ரயில்வே தேர்வையும் இரண்டு தடவை எழுதட்டும். ரயில்வே தேர்வு பற்றிச் சொன்னதும் அக்காவுக்கு முகம் மலர்ந்தது; பெரம்பூர்க்காரிக்கு ரயில்வே என்றால் இன்னும் ஒரு மரியாதைதான். 29 வயதுக்குள் கிடைக்கவில்லையென்றால் நிறுத்திவிட்டு, ஒரு கஸ்டம்ஸ் புரோக்கரிடம் மாறி ஜி கார்டுக்குப் படிக்கட்டும். அதுவும் தேர்வுதான், ஆனால் 150 பேருக்கு ஒருவர் என்ற கணக்கு இல்லை.

அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. "உன் மாதிரியே ஆக்கப் பார்க்கிறியா அவனை?" என்றது. பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி நியாயமானதுதான்.

அவன் திங்கட்கிழமை மேனேஜரிடம் போய், ஜெனரல் ஷிப்டே போதும் சார் என்றான். மேனேஜர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "குரூப் ஃபோரா?" என்று கேட்டாராம். இவன் தலையாட்டியிருக்கிறான். "கணக்குல எவ்ளோ எடுத்தே?" என்றாராம். 25-க்கு 17 என்றிருக்கிறான்.

"அதான் போச்சு" என்று சொல்லிவிட்டு, மாதக் கடைசி மூன்று நாள் மட்டும் ராத்திரி எட்டு வரை இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.